வறண்ட சருமத்துக்கு

வறண்ட சருமத்துக்கு என்று ஒரு டியூபில் எழுதியிருக்கிறது, பக்கத்து டியூபில் மென்மையான சருமத்துக்கு என்று எழுதியிருக்கிறது, ஒரே முகம் இரண்டு விதமாகவும் இருந்தால் எதை எடுப்பது என்று எங்கேயும் எழுதவில்லை. எழுத மாட்டார்கள். எழுதினால் ஒன்றுதானே விற்கும். காலையில் குளிக்கிற சோப்பையே கையில் குழைத்துப் பூசிக்கொண்டு நாலு மாதத் தாடியை எடுத்தேன், அதற்கு முகம் இப்போது பழி வாங்குகிறது. தாடை எரிகிறது. மோவாய் இழுக்கிறது. வாயைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தால் எங்கேயாவது தோல் விரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது, அதனால் கடைக்குள் வந்ததிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பழைய கிரீம் டியூப் ஒன்று இருந்தது, மூடியைத் திறந்தால் உள்ளே கல்லாகிக் கிடந்தது, நாலு மாதம் தொடாமல் விட்டால் அதுதான் என்ன செய்யும். இங்கே தூணில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதில் தெரிகிறவனுக்கு மூக்குக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். கீழ்ப் பாதியை யாரோ மண்ணுக்குள் வைத்திருந்து இன்று காலையில்தான் எடுத்தார்கள் என்று சொன்னால் நம்பலாம். சட்டைப் பையில் போன் உறுமுகிறது. வாணி. ஒண்ணு என்று அனுப்பியிருக்கிறாள். அவ்வளவுதான், ஒரே சொல். அப்பாடா. ஒண்ணு என்றால் ஒரு உதை. முப்பத்து நாலாவது வாரம் நடக்கிறது, சாப்பிட்ட பிறகு இடது பக்கமாகப் படுத்து எண்ண வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவாவது தெரிய வேண்டும், குறைந்தால் யோசிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலைப் பலகாரமே பத்தரைக்குத்தான் சாப்பிட்டோம். இப்போது பதினொன்று பத்து. ஒண்ணு வந்தாயிற்று. இன்னும் ஒன்பது வர வேண்டும், அதற்குள் நான் ஒரு கிரீமும் இரண்டு சோப்பும் வாங்க வேண்டும்.

எடுத்துட்டு வாங்க என்றாள் காலையில். எடுத்துட்டு வாங்க, இந்தத் தாடியப் பாக்கவே முடியல என்னால. கண்ணாடி முன்னால் நின்று தாடிக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தேன், கறுப்புச் சட்டை மேல் வெள்ளை வெள்ளையாய்த் தோல் உதிர்ந்து கிடந்தது. அவள் கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனுங்க, அத எடுத்துருங்களேன். நான் திரும்பினேன். விளையாடுகிறாளா என்று பார்த்தேன். விளையாட்டு இல்லை. மாசமான பெண்ணின் புருஷன் சவரம் செய்யக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை, ஐந்தாம் மாதம் பிறந்ததும் கை தானாகவே கத்தியைக் கீழே வைத்துவிடுகிறது. மில்லில் யாருக்காவது தாடி வளர ஆரம்பித்தால் என்ன விசேஷமா என்று கேட்போம், காதல் தோல்வியா என்று யாரும் கேட்பதில்லை. கோபியிலிருந்து அத்தை வாரம் ஒருமுறை போன் போட்டு, மாப்ள தாடி வெச்சிருக்காருல்ல என்று மகளிடம் கேட்கிறார், இரும்பு மாத்திரை சாப்பிட்டாயா என்று அதற்குப் பிறகுதான். நான் அதைத்தான் சொன்னேன். அத்தை கேப்பாங்களே வாணி. அதற்கு அவள் சொன்ன பதில் இருக்கிறதே. போன தடவையும்தான் வெச்சிருந்தீங்க, என்ன ஆச்சு. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.  என் வாயை அடைக்க அதைவிடப் பொருத்தமான வார்த்தை உலகத்தில் கிடையாது, அது அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னாள். நான் போய் எடுத்தேன். எடுத்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது அவள் நிமிர்ந்து ஒரு நிமிஷம் பார்த்தாள், நல்லா இருக்கு என்றோ நல்லா இல்லை என்றோ சொல்லவில்லை. எரியுதுங்களா என்றாள். எரியுது. அப்ப கடைக்குப் போய் நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க, வறண்ட தோலுக்குன்னே விக்குது, அவசரமில்ல, நிதானமாப் பாத்து வாங்குங்க. ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே கிளம்பினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் நிதானமாக வா என்கிறாள்.

என்னுங்ண்ணா பாக்கறீங்க என்று ஒரு குரல். நீல மேல்கோட்டுப் போட்ட கடைப்பெண். மகேஸ்வரி என்று சட்டையில் குத்தியிருக்கிறது, முப்பது வயது இருக்கும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முகத்தை ஒரு சாமானைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். ஷேவிங் கிரீமுங்க என்றேன், உதட்டோரம் சுருக்கென்றது. புதுசாத் தாடி எடுத்தீங்ளாட்ட இருக்குது. ஆமாங்க. சபரிமலைக்குப் போயிட்டு வந்தீங்ளா. இல்லீங்க என்று சொல்ல நாக்கு வந்தது, சொன்னால் அடுத்து வேறு எதற்கு என்று கேட்பாள், ஒரு பெண் அதைக் கேட்டால் பதிலையும் தானே கண்டுபிடித்துவிடுவாள், கொழந்த பொறந்தாச்சுங்ளா என்பாள். அந்தக் கேள்வியை மட்டும் இன்றைக்கு யாரும் கேட்கக் கூடாது. ஆமாங்க, மலைக்குத்தான் என்றேன். சாமி பேரில் பொய் சொல்லியாயிற்று, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். அவளுக்குச் சந்தோஷம். இதப் பாருங்ண்ணா, இந்த ஸ்ப்ரேயில வர்ற நொரை வேண்டாமுங்க, பாக்கறதுக்குத்தான் பொசுபொசுன்னு இருக்கும், தோலு காஞ்சு போயிரும். சில்லுன்னு இருக்கறது எடுத்தீங்கன்னா போடறப்ப சொகமா இருக்கும், அப்பறம் பத்து நிமிசத்துல எரியும். எங்க ஊட்டுக்காரருக்கும் தோலு உங்களாட்டத்தானுங்க, சொறசொறன்னு. கிளிசரின் போட்டதாப் பாத்து எடுங்க, வெந்நி ஒத்தடம் குடுத்துட்டு, பிரஷ்ஷுல வட்டமா தேச்சு, ரெண்டு நிமிசம் ஊற உட்டுட்டு எடுங்க. முடி போற தெசையிலயே எடுக்கோணும், எதுத்து எடுக்கவே கூடாது. எதிர்த்து எடுக்கவே கூடாது. சரிங்க. எடுத்தாயிற்றே அம்மா, எதிர்த்துத்தான் எடுத்தேன். என் கையில் மூன்று டியூபைத் திணித்துவிட்டு அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். போன் உறுமியது. ரெண்டு. பதினொன்று இருபது. நல்ல பிள்ளை.

நான் ஈரத்தைப் பற்றித் தெரியாதவன் இல்லை. பதினாறு வருஷமாக ஸ்பின்னிங் மில்லில் காற்றின் ஈரத்தை அளக்கிற வேலை. காற்று காய்ந்தால் நூல் அறுகிறது, பஞ்சு பறக்கிறது, மெஷின் தொட்டால் சுரீர் என்கிறது. ஈரம் ஏறினால் உருளையில் சுற்றிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் காற்றை நிறுத்திவைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு ஹால் நிறையக் காற்றை ஐம்பத்தெட்டு சதவீத ஈரத்தில் நிறுத்துகிறவனுக்குத் தன் முகத்தைக் காய்ந்து போகாமல் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றால் சிரிப்பார்கள். போன தடவையும் இப்படித்தான் காய்ந்தது. மார்கழி மாதம், மில்லுக்குள் சூடு, வெளியே பனி. தாடிக்கு அடியில், தாடை எலும்பு முடிந்து கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு அரிப்பு, நாள் முழுக்க, நகத்தைப் போட்டால் ரத்தம் வருகிற வரைக்கும். ஒரு வியாழக்கிழமை காலை வாணி படுத்திருந்தாள், நான் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த ஒரு இடத்தை மட்டும். இரண்டு விரல் அகலம் இருக்கும். மேலே இருக்கிற தாடி கீழே விழுந்து மூடிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. வெட்டிவிட்டு ரேசரையும் ஒரு இழுப்பு இழுத்தேன். குளிர்ந்த காற்று அந்த இடத்தில் பட்டபோது எத்தனை சுகமாக இருந்தது தெரியுமா, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அந்தச் சுகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்று மத்தியானம் மில்லுக்குப் போன் வந்தது, அசைவே தெரியலீங்க, வந்துருங்க. ஸ்கேன் பார்த்த அம்மாள் நெடுநேரம் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள், பிறகு பெரிய டாக்டரைக் கூப்பிட எழுந்து போனாள், அவள் எழுந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கை தானாகத் தாடிக்கு அடியில் போயிற்று. அந்த இரண்டு விரல் இடம் வழுவழுவென்று இருந்தது. முப்பத்து மூன்று வாரம். பெண் குழந்தை. தலை நிறைய முடி. எல்லாரும் என் தாடியைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள், முறை தவறாமத்தானே இருந்தாரு மாப்ள, அவருக்கா இப்படி என்றார் அத்தை. நான் வாயே திறக்கவில்லை. அறிவியல் படித்தவன், அளவுக் கருவியை நம்புகிறவன், இரண்டு விரல் முடிக்கும் வயிற்றுக்குள் இருக்கிற நெஞ்சுத் துடிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும், பகலில் தெரியும். முகத்தில் ரேசர் படும்போது மட்டும் தெரியாது. மூன்று வருஷமாக ஒவ்வொரு சவரத்திலும் அந்த இடம் வரும்போது கை நின்றுவிடுகிறது.

இப்போது முகம் முழுக்க எடுத்திருக்கிறேன். இரண்டு விரலுக்கே அது என்றால். வேண்டாம், சோப்பைப் பார். சோப்பு வரிசை இந்தப் பக்கம். உறையின் பின்னால் பொடி எழுத்தில் கொழுப்புச் சத்து எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள், அதுதான் முக்கியம், எழுபத்தாறுக்கு மேல் இருந்தால் முதல் தரம், முகப்பில் அச்சடித்த ரோஜாப்பூவையும் பாதாம்பருப்பையும் நம்பக் கூடாது. சிலதில் சோப்பு என்ற சொல்லே இருக்காது, குளியல் கட்டி என்று தந்திரமாக எழுதியிருப்பான், அது முகத்தில் இருக்கிற எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சிவிடும். காலையில் நான் பூசியது அந்த வகைதான் போலிருக்கிறது. இது எண்பது. இது எழுபது. இது எத்தனை என்றே போடவில்லை, கள்ளப் பயல். குனிந்து கீழ்த் தட்டைப் பார்க்கும்போது முதுகில் என்னவோ உறுத்துகிறது. யாரோ பின்னால் நின்று பார்க்கிறார்கள். வரிசைக்குள் வந்ததிலிருந்தே அந்த உறுத்தல் இருக்கிறது, எதனால் என்றும் தெரியும், தெரிந்துதான் திரும்பாமல் இருக்கிறேன். எதிர் அலமாரி குழந்தைச் சாமான்கள். குழந்தை சோப்பு, குழந்தை எண்ணெய், குழந்தைப் பவுடர், ஒவ்வொரு டப்பாவிலும் ஒரே குழந்தை, ஒரே சிரிப்பு, மேலிருந்து கீழ் வரைக்கும் நாற்பது ஐம்பது தடவை அதே முகம். பிறப்பதற்கு முன்னால் எதையும் வாங்கக் கூடாது, தொட்டுப் பார்க்கவும் கூடாது. நான் தொடவில்லை. ஆனால் கழுத்தைத் திருப்பினேன். எல்லாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை என்று தோன்றியது, அட்டை கண் சிமிட்டுமா, எனக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டது. ஏசிக் காற்று நேராகத் தாடையில் அடிக்கிறது. அந்த இரண்டு விரல் இடத்தில் மட்டும் சுகமாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் எரிகிறது, அங்கே மட்டும் எரியவில்லை. கையை வைத்து மூடிக்கொண்டேன். போன். மூணு. பதினொன்று முப்பது. அட, வந்துகொண்டேதான் இருக்கிறது, பிறகு என்ன. மூணு வந்தாயிற்று, பத்து வந்துவிடும், வறண்ட சருமத்துக்கு என்றதையே எடு, இரண்டு சோப்பை எடு, பில் போட்டுக்கொண்டு கிளம்பு.

பில் போடுகிற வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். கூடையில் ஒரு டியூப், இரண்டு சோப்பு, எதற்கென்று தெரியாமல் எடுத்த ஒரு பிரஷ். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நாலு. பதினொன்று நாற்பது. நாலு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனைப் பைக்குள் போடப் போனவன் போடவில்லை. பத்து. இருபது. முப்பது. நாற்பது. எங்கள் மில்லில் ராத்திரி ஷிப்டு ஆள் ஒருத்தன் இருந்தான், ரங்கராஜ் என்று பெயர். ஈரத்தை மணிக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவன் நோட்டு அத்தனை அழகாக இருக்கும், ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. ஒரு மாதம் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டு, நீ எழுந்தே போறதில்லதானே என்று கேட்டேன். எப்படிங்க சார் கண்டுபுடிச்சீங்க என்றான். கருவியைப் போய்ப் பார்க்கிறவன் நோட்டில் கண்டபடிதான் எண் இருக்கும், உட்கார்ந்த இடத்தில் எழுதுகிறவன் நோட்டில்தான் ஒழுங்கு இருக்கும். உயிருள்ள எதுவும் அப்படி ஒழுங்காக வராது. காற்றே வராது என்றால் குழந்தை எப்படி வரும். போன வாரச் செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஒன்பது பன்னிரண்டு, ஒன்பது பதினாலு, ஒன்பது பதினாலு, ஒன்பது முப்பத்தொன்று. கண்டபடி. வியாழக்கிழமை கண்டபடி. நேற்று மத்தியானம் வரைக்கும் கண்டபடி. இன்றைக்கு மட்டும் பத்து, இருபது, முப்பது, நாற்பது. நிதானமாப் பாத்து வாங்குங்க.  பின்னால் நின்றவர் நகருங்க சார் என்றார். நான் வரிசையை விட்டு விலகி அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்று வாணியைக் கூப்பிட்டேன்.

வாங்கியாச்சுங்களா என்றாள் எடுத்ததும். குரல் சாதாரணமாக இருந்தது, சாதாரணமாக வைத்துக்கொண்டிருந்தாள். வாணி, பதினொண்ணு பத்து, இருபது, முப்பது, நாப்பது, எப்புடி வாணி அத்தன சரியா ஒதைக்கும்.  பின்னால் எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, அதன் ஒரு றெக்கை மட்டும் டக் டக் என்று அடிக்கும், அது கேட்டது. அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு. என்னாலதான் வாணி. போன தடவையும் நாந்தான். தாடிக்கு அடியில கொஞ்சம் எடுத்துட்டேன், அரிப்பு தாங்காம, யாருக்கும் சொல்லல, அன்னிக்கு மத்தியானமே நீ போன் பண்ணுன. இப்ப முழுசா எடுத்துட்டேன். வாய் திறந்து திறந்து உதட்டோரம் விரிந்துவிட்டது, உப்புக் கரித்தது. தெரியுங்க என்றாள். என்ன தெரியும். வாஷ்பேசின்ல முடி கெடந்துச்சு, நாந்தான் தண்ணி ஊத்திக் கழுவி உட்டேன். நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவள் பேசிக்கொண்டே போனாள், மெதுவாக, எழுதி வைத்ததைப் படிக்கிறவள் மாதிரி. நீங்க எடுத்தது வெசாலக்கெழம காலைலதானுங்க. எனக்கு புதங்கெழம சாயந்தரத்துல இருந்தே அசைவு இல்ல. சொல்லவே இல்லையே வாணி. பயமா இருந்துச்சுங்க. சொன்னா நெசமாயிரும்னு இருந்துச்சு. விடிஞ்சா சரியாயிரும், பலகாரம் சாப்பிட்டா சரியாயிரும்னு படுத்தே கெடந்தேன். அன்னிக்கு டாக்டரம்மா எப்ப இருந்துன்னு கேட்டாங்க. இன்னைக்கு மத்தியானத்துல இருந்துன்னு சொல்லிட்டேன். ஒரு ராத்திரி முழுக்கச் சும்மா இருந்தேன்னு எப்புடிச் சொல்றது.  நீங்க அந்த முடிதான் காரணம்னு நெனச்சுட்டு இருக்கறதும் எனக்குத் தெரியும். தூக்கத்துல சொல்லுவீங்க. மூணு வருசமாச் சொல்றீங்க. அப்புடியே இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன். எனக்கு அது வசதியா இருந்துச்சுங்க.

வசதியா இருந்துச்சு. அந்தச் சொல்லை நான் கேட்டேன், கேட்டு ஓரமாக வைத்தேன், இப்போது அதற்கு நேரமில்லை. இந்தத் தடவை எப்ப இருந்து வாணி. நேத்து சாயந்தரம் என்றாள். நேற்று சாயந்தரம். அப்படியென்றால் ராத்திரி முழுக்க என் பக்கத்தில் படுத்திருந்து. அப்படியென்றால் இன்று காலையில் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்ப காலைல என்னைய எடுக்கச் சொன்னியே, அது எதுக்கு வாணி. மின்விசிறி டக் டக் என்றது. தெரியலீங்க, வாயில வந்துருச்சு. சொன்னதுக்கப்பறந்தான் எனக்கே திக்குனு இருந்துச்சு. நீங்க பாத்ரூமுக்குள்ள போனதும் எந்திரிச்சு வந்து கதவத் தட்டி வேண்டாம்னு சொல்லலாம்னு பாத்தேன். தட்டல.  கதவுக்கு இந்தப் பக்கம் நான் சோப்பைக் குழைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் இவள் கையை ஓங்கிக்கொண்டு. நாலுல எது நெசம் வாணி, பொய் சொல்லாம சொல்லு. மொத ஒண்ணு நெசம்னுதான் நெனைக்கறேன், வயிறு எரைஞ்சதாக் கூட இருக்கலாம், எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலீங்க. அழ ஆரம்பித்தாள். போனை வெக்காத என்றேன். சில்லுன்னு தண்ணி எடுத்துக் குடி, எடது பக்கமாப் படு, போனக் காதுலயே வெச்சுக்க, நான் வந்துட்டே இருக்கேன். கூடையை அரிசி மூட்டை மேலேயே விட்டேன். மகேஸ்வரி பார்த்துவிட்டு, ஏனுங்ண்ணா வேண்டாமுங்ளா என்று கேட்டாள். வேண்டாமுங்க என்று ஓடினேன்.

வண்டியை அங்கேயே விட்டேன், பைக்கில் அவளை உட்காரவைக்க முடியாது. ஆட்டோ கிடைத்தது. வெளியே வெயில், காற்று முகத்தில் அறைகிறது, எங்கே எரிகிறது எங்கே எரியவில்லை என்று இப்போது பார்க்கத் தோன்றவில்லை. போனில் அவள் தண்ணீர் குடிக்கிற சத்தம், டம்ளர் வைக்கிற சத்தம், கட்டில் கிறீச்சென்ற சத்தம். எனக்குக் கோபம் வருகிறது. மூன்று வருஷம். மூன்று வருஷம் கண்ணாடி முன்னால் ரேசரை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறேன், ஒரு வார்த்தையில் அதை எடுத்திருக்கலாம் நீ. கோபம் வந்த வேகத்தில் இன்னொன்றும் வருகிறது, அந்த ராத்திரி ஒருத்தி தனியாக, வயிற்றில் கை வைத்துக்கொண்டு, பக்கத்தில் குறட்டை விடுகிற புருஷனை எழுப்பாமல். ராத்திரி எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேனா. எழுந்து என்ன சொல்லியிருப்பேன், அதெல்லாம் ஒண்ணுமில்ல தூங்கு, தாடிதான் வெச்சிருக்கேனேன்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். இன்றைக்கும் தாடி இருந்திருந்தால் பத்தும் இருபதும் முப்பதும் என் கண்ணில் பட்டே இருக்காது, முகத்தில் காவல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு நாலு செய்திக்கும் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு சோப்பு பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். வீட்டுக்குத் திரும்புகிற முனையில் ரயில்வே கேட் போட்டிருந்தான். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்தார். சத்தமெல்லாம் அடங்கிப் போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. வாணி. ம். என்ன பண்ற. படுத்திருக்கறனுங்க. சரி. ரயில் வரவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. இறங்கிக் குனிந்து ஓடிவிடலாமா என்று காலைக் கீழே வைத்தேன். ஏனுங்க என்றாள். என்ன. இப்ப ஒண்ணுங்க.  நெசமாங்க, கை வெச்சுட்டுத்தான் இருக்கேன், இங்க, விலாவுக்குக் கீழ. நெசம் என்றுதான் இருந்தது குரல். காலையில் நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க என்று சொன்னபோதும் குரல் நெசமாகத்தான் இருந்தது. இனி இவள் சொல்கிற எதையும், நான் சொல்கிற எதையும், கை வைத்துப் பார்க்காமல் நம்பப் போவதில்லை, நம்பாமலே இருந்துவிட்டுப் போகிறோம், பிள்ளை மட்டும் இருக்கட்டும். எண்ண வேண்டாம் வாணி என்றேன். இன்னம் எத்தன வந்தாலும் வராட்டியும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். சேலையெல்லாம் மாத்த வேண்டாம், அப்புடியே கதவத் தெறந்து வெச்சுட்டு உக்காரு.